டேக் ஓவரும் பல் டாக்டரம்மாவின் பீரோவும்

மதிப்பிற்குரிய 'தினம் ஒரு ஆங்கிலத் தொடர்' பகுதியின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் சாமான்களின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் ஊழியனும், தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகனுமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தாங்கள் தொடர்களை எடுத்துப் போடும் அந்தத் தடித்த அகராதியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தின் நடுப்பகுதியில் இந்த வேண்டுதல் சற்றுத் தளர்ந்து போனதாகத் தங்களுக்குத் தோன்றினால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிவில் மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் தங்கள் பகுதியில் 'டேக் ஓவர்' என்ற தொடரைப் பிரசுரித்திருந்தீர்கள். ஒருவர் நடத்திவந்த பொறுப்பை இன்னொருவர் தன் கையில் எடுத்துக்கொண்டு நடத்துவது என்று பொருள் போட்டிருந்தீர்கள். தலைமைப் பண்புள்ளவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் தொடர் என்றும் எழுதியிருந்தீர்கள். உதாரணமாக, மேலாளர் விடுப்பில் போனார், உதவி மேலாளர் 'ஐ வில் டேக் ஓவர்' என்று சொல்லிப் பொறுப்பேற்றார், அலுவலகம் தடையின்றி நடந்தது என்றும் கொடுத்திருந்தீர்கள். அதற்குக் கீழே கட்டம் கட்டி, 'கூச்சப்படாமல் இன்றே சில இடங்களில் பயன்படுத்திப் பாருங்கள்' என்று ஆலோசனை வேறு. நான் கூச்சப்படாமல் பயன்படுத்தினேன். அதன் பலனாக, எனக்கு வந்து சேர வேண்டிய மேஸ்திரி வேலை போயே போய்விட்டது. இதற்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தங்கள் உதாரணத்தில் வரும் அலுவலகத்தில் யார் கையிலும் கனமான சாமான் எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. தாங்கள் படித்தவர், கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் தொழிலைப் பற்றித் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஒரு வீட்டில் உள்ள சாமான்களையெல்லாம் கட்டி, இறக்கி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் கொண்டுபோய்ப் பிரித்து வைப்போம். வீட்டுக்காரர்கள் நடுவழியில் நின்றுகொண்டு "பாத்து, பாத்து" என்பார்கள். பார்க்காமலா தூக்குகிறோம், அது போகட்டும். கனமான சாமானைப் படியில் இறக்கும்போது ஒருவர் மேலே பிடிப்பார், ஒருவர் நடுவில் தாங்குவார், ஒருவர் கீழே பிடிப்பார். கீழே பிடிப்பவன் நான். கீழே பிடிப்பவனுக்கு முதுகுப் பக்கம் படிக்கட்டு, முகத்துக்கு நேரே பலகை. கனமெல்லாம் அவன் மேல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காது ஒன்றுதான் துணை. அதனால் எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. கையில் கனம் இருக்கும்போது ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும், அது மேஸ்திரியின் குரல். அவர் தூக்கு என்றால் தூக்குவோம், நில்லு என்றால் நிற்போம். மற்ற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கால் விரல்மேல் அலமாரி நின்றாலும், சாமான் தரையைத் தொட்ட பிறகுதான் 'ஐயோ' என்று சொல்ல அனுமதி. ஒருமுறை பாதிப் படியில் மேஸ்திரிக்குப் பெருந்தும்மல் ஒன்று வந்தது. அதையும் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு சோபாவை அங்கேயே இறக்கி, அவர் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை எல்லோரும் அதில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கட்டுப்பாடு அப்படி.

இந்த மேஸ்திரி, வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார் என்று தெரிந்ததும் எங்களில் சிலருக்கு ஆசை முளைத்தது. முதலில் டிரைவர். லாரி ஓட்டுகிறவர், ஆனால் தான் ஓட்டாவிட்டால் ஊரே நகராது என்ற நினைப்பு. அடுத்தது பயில்வான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, பெயர் மட்டும் பயில்வான். யாரோ கேலியாக வைத்த பெயரை அவர் இப்போது மனப்பூர்வமாக நம்ப ஆரம்பித்துவிட்டார். அதற்கடுத்தது நான். எங்கள் குழுவில் இன்னொருவரும் உண்டு, அது என் மனைவி. பாத்திரங்களையும் கண்ணாடிச் சாமான்களையும் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. தங்கள் நாளிதழை நான் படித்து முடித்ததும் அவள் அதில்தான் டம்ளர்களைச் சுற்றுவாள். ஆகவே தங்கள் எழுத்து எங்கள் குடும்பத்தில் வீண்போவதே இல்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும் ஐயா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இத்தனை வருஷமாகப் பலகையைப் பார்த்துக்கொண்டே படியிறங்கியவனுக்கு, ஒரு நாளாவது மேலே நின்று பீரோவை முழுசாகப் பார்த்துத் 'தூக்கு' என்று சொல்ல ஆசை இருக்காதா. ஆனால் முதலாளி முன்னால் போய் நின்று கேட்க நாக்கு எழவில்லை. போவேன், தலையைச் சொறிவேன், "கயிறு தீந்துபோச்சுங்க" என்பேன், அவர் கயிறு வாங்கிக் கொடுப்பார், திரும்பி வந்துவிடுவேன். எங்களிடம் இப்போது ஒரு கப்பலைக் கட்டி இழுக்கும் அளவுக்குக் கயிறு இருக்கிறது. என் மனைவி தினமும் கேட்பாள்.

"இன்னிக்காவது கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போனேன்."

"கயிறு வாங்கிட்டு வந்தீங்க."

"நாளைக்குக் கேக்குறேன்."

"கேட்டாத்தானங்க குடுப்பாங்க. உங்களுக்கு ஆசை இருக்குன்னு அவருக்கு என்ன கனவா வரும்?"

இந்த நிலையில்தான் தங்கள் தொடர் வந்தது. படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கு வேண்டிய வாக்கியத்தை யாரோ எனக்காகவே தைத்து அனுப்பியது போலிருந்தது. "ஐயா, ஐ வில் டேக் ஓவர்" என்று சொன்னால் கேட்டது போலவும் இருக்கும், கெஞ்சாதது போலவும் இருக்கும். ஆனால் எடுத்த எடுப்பில் முதலாளியிடம் சொல்ல முடியாது, கொஞ்சம் பழக்கம் வேண்டும். தங்கள் கட்டம் கட்டிய ஆலோசனைப்படி என் வீட்டு அடுப்படியில் ஆரம்பித்தேன். "ஐ வில் டேக் ஓவர்" என்றேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"என்னது?"

"பொறுப்ப நான் எடுத்துக்கிறேன்னு அர்த்தம்."

"எதோட பொறுப்ப?"

"சமையலோட."

அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மகாராணியைப் போல காலை நீட்டிக்கொண்டு, தங்கள் நாளிதழை விரித்தாள். தலைமை ஏற்பது எனக்குப் பிடித்துவிட்டது, அடுப்புக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. சோறு அடியில் தீய்ந்து மேலே வேகாமல் நின்றது, நடுவில் ஒரு சிறு பகுதி மட்டும் மனிதர் உண்ணும்படி இருந்தது. அதை அவளுக்கு வைத்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அர்த்தம் நல்லாப் புரிஞ்சுதுங்க, இனிமே வேண்டாம்" என்றாள்.

நான் மனம் தளரவில்லை. மறுநாள் எங்கள் தெருவில் ஒரு தண்ணீர் லாரியும் ஒரு காரும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொள்கிற மாதிரி நின்று, இரண்டு பேரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பை எடுத்து நடத்த ஆளில்லாத இடம், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நடுவில் போய் நின்று கையைத் தூக்கினேன். காரைப் பின்னால் போகச் சொன்னேன், தண்ணீர் லாரியை முன்னால் வரச் சொன்னேன். அவர்களும் மரியாதையாகச் சொன்னபடியே செய்தார்கள். வினையே அதுதான். காருக்குப் பின்னால் ஒரு பள்ளி வேன் இருந்ததும், லாரி முன்னால் வந்தால் சந்தின் வாய் அடைபடும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தில் இருந்தவர் வெளியே வர முடியாமல், வெளியே இருந்தவர் வீட்டுக்குப் போக முடியாமல், பள்ளி வேனிலிருந்த பிள்ளைகள் எல்லாம் ஆனந்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக் கடைக்காரர் என்னிடம் வந்து, "சார், நீங்க யாரு?" என்று கேட்டார். "டேக் ஓவர் பண்ணியிருக்கேன்" என்றேன். "சந்தோஷம் சார். எங்க தெருவ எங்களுக்கு எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?" என்றார். நான் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நடந்தே போய்விட்டேன். வாகனம் எதுவும் போக முடியாத நிலையில் நடந்துதான் போக முடிந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்து நான் செய்ததுதான் மகா பிசகு. டீ குடிக்கும் நேரத்தில் என்னுடைய அறிவை எல்லோரும் பார்க்கட்டும் என்று, தங்கள் பகுதியைச் சத்தமாக வாசித்து, பொருள் சொல்லி, உச்சரிப்பும் சொல்லிக் கொடுத்தேன். டிரைவரும் பயில்வானும் வாயைப் பிளந்து கேட்டார்கள். டிரைவர் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். பயில்வான் கண்ணை மூடி உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். எதிரிக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் மனைவிக்கு உறைத்தது. "இத எதுக்குங்க இவங்களுக்குச் சொல்றீங்க?" என்று காதோடு கேட்டாள். "அறிவுங்கிறது பகிர்ந்தா பெருகும்" என்றேன். அது எப்படிப் பெருகியது என்பதைக் கீழே காண்க.

சனிக்கிழமை எங்களுக்கு ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் வேலை. மேஸ்திரிக்கு அதுதான் கடைசி நாள். முதலாளி காலையிலேயே, "மத்தியானம் வந்து பாக்கிறேன். வேலை எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு, அடுத்த மேஸ்திரி யாருன்னு அங்கயே சொல்லிடுறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். மேஸ்திரி வந்தார், சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார், "இன்னிக்கு நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு லாரியின் முன் இருக்கையில் போய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. பெட்டி, கட்டில், மேஜை எல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கின. கடைசியாக பீரோ வந்தது. தேக்கு மரத்தில் செய்தது. அதன் பருமனைப் பார்த்தால், முதலில் பீரோவை வைத்துவிட்டுப் பிறகு அதைச் சுற்றி வீட்டைக் கட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் வரும். அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் இல்லை. வழக்கமாக ஸ்டியரிங்கை விட்டு இறங்காத டிரைவர், முதலாளி வரும் நாளாயிற்றே என்று தானாக வந்து மேல்பக்கத்தைப் பிடித்தார். பயில்வான் நடுவில். நான் கீழே, பலகையைப் பார்த்தபடி.

மேல் மாடியிலிருந்து கொஞ்ச தூரம் வந்தோம். படி திரும்புகிற இடத்தில் டிரைவர் தன் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார் போல, "ஐ வில் டேக் ஓவர். எல்லாம் இடது பக்கம் திருப்பு" என்றார். நடுவிலிருந்து பயில்வான், "நோ நோ, ஐ வில் டேக் ஓவர். வலது பக்கம்" என்றார். ஐயா, நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரன் நான் அல்லவா. "மன்னிக்கணும், அத உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஐ வில் டேக் ஓவர். எல்லாரும் நில்லுங்க" என்றேன். ஒருவர் இடது பக்கம் திருப்ப, ஒருவர் வலது பக்கம் திருப்ப, ஒருவன் நின்றுவிட, பீரோ கோணலாகச் சாய்ந்து, அதன் கால் ஒன்று படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்குள் போய் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. தலைவர்களுக்குப் பஞ்சமில்லை, பீரோதான் நகரவில்லை.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன். டாக்டரம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காய்கறிப் பையோடு மேலே வரவேண்டியவர், வழி அடைபட்டதும் எனக்குப் பின்னால் நின்று, "ஒரு தம் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க" என்று ஆலோசனை சொன்னார். இழுத்தால் பீரோவும் நானும் அவரும் காய்கறிகளும் ஒன்றாகத் தெருவுக்குப் போய்விடுவோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. பார்சல் கொண்டு வந்தவர் அவருக்குப் பின்னால் நின்று, "காலை ரம்பத்தால அறுத்துடலாம்" என்றார், யாருடைய காலை என்று சொல்லவில்லை. எதிர்வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கோணம் எத்தனை டிகிரி என்று விரலை வைத்து அளந்தார். இவர்களெல்லாம் தங்கள் பகுதியைப் படித்தவர்களும் இல்லை, ஆனாலும் டேக் ஓவர் செய்தார்கள். மேலே பல் டாக்டரம்மா கைப்பையோடு நின்றிருந்தார். கிளினிக்கில் ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறேன் என்று கிளம்பியவருக்கு இறங்க வழியில்லை. அங்கே ஒருவர் பாதி அடைத்த பல்லோடு வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாராம். "யாராவது ஒருத்தர் பேசுங்களேன். எங்க கிளினிக்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் வாயைத் திறப்பாங்க" என்று அந்தம்மா பாவம் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கீழே எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கியதற்குக் காரணம் கனம்தான், பயம் அல்ல என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்போதுதான் அது நடந்தது. சமையலறையில் கண்ணாடிக் கிண்ணங்களைத் தங்கள் நாளிதழில் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி, யாரும் அழைக்காமல், தன் போக்கில், கையிலிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்து நின்றாள். எனக்கு முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"எல்லாரும் வாயை மூடுங்க. காய்கறிப் பை வச்சிருக்கிற ஐயா, நீங்களும்தான்."

எனக்குப் பின்னால் காய்கறிப் பையைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. டியூஷன்காரர் விரலை மடக்கிக்கொண்டார்.

"ஏங்க, கீழ இருக்கீங்களா?"

"வேற எங்க போவேன்."

"ரெண்டு காலும் ஒரே படியில இருக்கா?"

"இருக்கு."

"கை வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"வலிக்குது."

"சரி, கொஞ்சம் பொறுங்க. டிரைவர் அண்ணே, நீங்க இழுக்க வேண்டாம், பிடிச்சுட்டு மட்டும் நில்லுங்க. பயில்வான், முதல்ல மூச்சு விடு, முகம் நீலமாயிடுச்சு. நான் சொன்னதும் எல்லாரும் மேல தூக்கணும்."

"நாம கீழ இல்ல போகணும்?" என்றார் டிரைவர்.

"அண்ணே."

டிரைவர் மேலே தூக்கத் தயாராகப் பிடியை மாற்றுவது பலகை வழியாகவே எனக்குத் தெரிந்தது.

"தூக்கு. இன்னும் கொஞ்சம். நில்லு. ஏங்க, இடது தோள வெளிய எடுத்துக்குங்க. ம், இப்ப இறக்கு, மெதுவா."

கம்பிக்குள் மாட்டிய கால் வெளியே வந்தது. பீரோ நிமிர்ந்தது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நாங்கள் இறங்கினோம். பின்னால் காய்கறிப் பைக்காரரும் பார்சல்காரரும் எங்களுக்கு வழிவிட்டு வரிசையாகப் பின்னோக்கி இறங்கினார்கள். பீரோ தரையைத் தொட்டதும், சட்டப்படி, எல்லோரும் ஒருமிக்க 'ஐயோ' என்றோம். டாக்டரம்மா ஓடியே வந்து என் மனைவியின் கையைக் குலுக்கிவிட்டு, எந்நேரமும் வந்து பல்லைக் காட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் கவனித்தேன், வாசலில் முதலாளி நிற்கிறார், பக்கத்தில் தூக்கம் கலைந்த மேஸ்திரி. முதலாளி என் முகத்தைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நடுவில் பேசியதையெல்லாம் விரித்து எழுத இங்கே இடமில்லை. முடிவாக, "இனிமே இந்தம்மாதான் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டார். டிரைவர் தன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ஆசிரியர் ஐயா, என் நிலைமையைத் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தில் இனிமேல் என் மனைவியை 'அவள்' என்று எழுதுவதா 'அவர்' என்று எழுதுவதா என்பதே குழப்பமாக இருக்கிறது. வேலை நேரத்தில் 'அவர்', வீட்டில் 'அவள்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் கலந்துபோகிறது. நேற்று வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது அவள் வேறு யாரையோ பார்த்து "நில்லு" என்றாள், நான் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். அவள் போய்ப் பேசிவிட்டு வரும்வரை நின்றேன். முன்பெல்லாம் மாலையில் வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரியைப் பற்றி மனைவியிடம் குறை சொல்லி மனச்சுமையை இறக்குவேன். மனைவியைப் பற்றி ஏதாவது வருத்தம் என்றால் காலையில் மேஸ்திரியிடம் சொல்லி ஆறுதல் தேடுவேன். இப்போது ஒரே நாளில் இரண்டு கதவும் அடைபட்டுவிட்டன. அதனால்தான் முன்பின் தெரியாத தங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

வேலை நன்றாக நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர் வந்த பிறகு வீட்டுக்காரர்களின் "பாத்து, பாத்து" நின்றுவிட்டது. முதல் வேலையாக அவர்களை உட்கார வைத்துக் கையில் ஒரு பூந்தொட்டியைக் கொடுத்துவிடுகிறார், "இத நீங்கதான் பத்திரமாக் கொண்டுவரணும், எங்க ஆளுங்கள நம்ப முடியாது" என்று. அவர்கள் பெருமையோடு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வருகிறார்கள். பயில்வானுக்கு ஒரு நாள் விடாமல் முட்டை வாங்கிக் கொடுத்து, பெயருக்குத் தகுந்த உடம்பை உண்டாக்க முயற்சி நடக்கிறது. டிரைவர் சிரித்துப் பேசுகிறார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது என்னையும் அறியாமல் நானும் சிரித்துவிடுகிறேன். அது வேறு விஷயம். புகார் புகார்தான்.

என் புகார் இதுதான். தாங்கள் போட்ட பொருள் அரைகுறையானது. டேக் ஓவர் என்று சொன்ன மூன்று பேரும் எதையும் டேக் ஓவர் செய்யவில்லை. செய்தவரோ அந்தத் தொடரை இன்றுவரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை, அதில் டம்ளரைத்தான் சுற்றியிருக்கிறார். ஆகவே, 'இது செய்வதற்குரிய தொடர், சொல்வதற்குரியது அல்ல, குறிப்பாகப் படிக்கட்டில் சொல்லலாகாது' என்று தாங்கள் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். உதாரண வாக்கியங்களை 'நான்' என்று ஆரம்பிப்பதை நிறுத்த வேண்டும். அந்த உதவி மேலாளர் மேலாளராவதற்கு எத்தனை பேர் அடியில் நின்று தாங்கினார்கள் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். தவறினால் தங்கள் நாளிதழை நிறுத்திவிட்டு வேறு நாளிதழில் டம்ளர் சுற்ற நேரிடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாக்களித்தபடி, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அகராதியும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ மறுபடியும் வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் என்றைக்காவது வீடு மாற்ற நேர்ந்தால் எங்களுக்கே சொல்லியனுப்பவும். அகராதியை நானே தூக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள்மேல் கோபத்திலும் மரியாதை குறையாத,
பீரோவுக்கு அடியில் நிற்பவன்

பின்குறிப்பு: ஐயா, வணக்கம். இதை எழுதுவது மேஸ்திரி. என் கணவர் தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், அதற்குள் எழுதுகிறேன். எதையும் வண்டியில் ஏற்றுமுன் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம், அதனால் கடிதத்தைப் படித்தேன். அதில் இரண்டு இடம் சரியாகக் கட்டப்படவில்லை.

யாரும் அழைக்காமல் நான் வந்ததாக எழுதியிருக்கிறார். நான் அப்படி வரவில்லை. உள்ளே எனக்கு எல்லாச் சத்தமும் கேட்டது, ஆனால் ஆண்கள் மூன்று பேர் அதட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நமக்கென்ன என்று கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன். பீரோவுக்கு அடியிலிருந்து இவர் குரல்தான் வந்தது. "எல்லாரும் சும்மா இருங்க, என்னையும் சேத்துத்தான். அவளக் கூப்பிடுங்க. அவ சொல்றத மட்டும் கேளுங்க" என்றார்.

இன்னொன்று, 'நடுவில் பேசியதை விரித்து எழுத இடமில்லை' என்கிறார். மூன்று வண்டியைத் தெருவில் மாட்டிவிட்ட கதைக்கு இடம் இருக்கிறது, இதற்கு இல்லையாம். படிக்கட்டில் நடந்ததையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருந்த முதலாளி முதலில் என்னைக் கேட்கவில்லை. இவர் கையைப் பிடித்து, "என்னப்பா, சரியான நேரத்துல சரியான ஆளக் கூப்பிட்டிருக்க. அதுக்கும் ஒரு தலை வேணும். மேஸ்திரி வேலைய நீயே எடுத்துக்கிறியா?" என்று கேட்டார். இவர் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். 'சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லுங்க' என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். இவர் சொன்னது இது: "எனக்கு ஆசைதாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா யார் குரலக் கேட்டா பயம் போகுதுன்னு அடியில நிக்கிறவனுக்குத்தான் தெரியும். அவ 'கீழ இருக்கீங்களா'ன்னு கேட்டதும் எனக்குப் பயம் போயிடுச்சு. அவளுக்கே குடுங்க." வீட்டுக்கு வந்தபிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே திருத்தம் எதுவும் வேண்டாம். நாளிதழையும் நாங்கள் நிறுத்தப் போவதில்லை, உங்கள் காகிதம் தடிமனாக நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். மேஸ்திரியம்மாவுக்கு என்ன தைரியம், என்ன குரல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடியில் நிற்பது இவர் என்று தெரிந்தால்தான் எனக்குக் குரலே வருகிறது. இதை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை, இன்று ராத்திரி சொல்லலாம் என்று இருக்கிறேன், அதற்கு முன் நீங்கள் அச்சில் போட்டுவிடாதீர்கள்.